இறங்கிப் போன கிரியாட்டினின்

தம்பி ஹட் பேயிலிருந்து போன் செய்தபோது நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். அவன் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது, சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அழுகிறாள் என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

"அக்கா, பாப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு. எல்லாம் நார்மல்னு பேப்பர்ல வந்திருக்கு. ஆனாலும் இங்க இருக்க டாக்டர் போர்ட் பிளேருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாக. நார்மல்னா எதுக்குக்கா அங்க வரைக்கும்?"

"சொன்னாகன்னா கூட்டிட்டு வா. கப்பல்ல டிக்கெட் இருக்கான்னு பாரு மொதல்ல."

எங்கள் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்காக அந்தமானுக்கு, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஹட் பேக்கு வந்தவர். நானும் தம்பியும் அங்கேதான் வளர்ந்தோம். தோட்ட வேலை நின்றுபோன பிறகு தம்பி மின்சாரத் துறையில் லைன்மேன் ஆகி அங்கேயே தங்கிவிட்டான். எனக்கு போர்ட் பிளேரில் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கப்பலில் இன்ஜின் பிரிவில் இருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு லம்பா லைனில் குடியிருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் அவர் கடலில் இருப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகள் விடுமுறைக்கு வந்தால் அந்த வீட்டில் சத்தம் இருக்கும், அவள் கப்பலேறினால் மறுபடி அடங்கிவிடும்.

தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவன் மனைவிதான் குழந்தையோடு வந்தாள். கடல் கொந்தளிப்பில் இருவரும் வாந்தி எடுத்து, துவண்டு போய் இறங்கினார்கள். மறுநாள் காலையில் நான் அவர்களைக் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் வங்காளி அம்மா. தீவுக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. எங்களோடு இந்தியில்தான் பேசுவார். அவர் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். கிரியாட்டினின் என்று போட்டு, புள்ளி எட்டு என்று இருந்தது. பக்கத்திலேயே நார்மல் அளவும் அச்சாகியிருந்தது. புள்ளி எட்டு அதற்குள்தான் வந்தது. டாக்டர் தாளை மேஜையில் வைத்துவிட்டு, "இவள் உயரம் எவ்வளவு?" என்று கேட்டார்.

எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. தம்பி மனைவி தையல்காரி. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட்டும் யூனிஃபார்மும் தைப்பவள். "கவுனுக்கு உள்ள அளவு தெரியும் மேடம், முழு ஒசரம் அளந்ததில்ல" என்றாள்.

"பேட்டி, இதர் ஆவோ" என்று டாக்டர் குழந்தையைக் கூப்பிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலில் நிறுத்தினார். குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னார். தலையில் ஒரு அட்டையை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு கால்குலேட்டரில் எதையோ போட்டார்.

"இந்தப் பேப்பரில் இருக்கும் நார்மல் பெரியவர்களுக்கானது" என்றார். "கிரியாட்டினின் என்பது நம்முடைய சதையிலிருந்து தினமும் வருகிற கழிவு. அது ரத்தத்தில் கலக்கும். கிட்னி அதை வடிகட்டி வெளியே தள்ளும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆளுக்குப் புள்ளி எட்டு என்றால் சந்தோஷப்படலாம். அவருக்கு அவ்வளவு சதை இருக்கிறது." குழந்தையின் கையைத் தன் விரல்களால் வளைத்துக் காட்டினார். "இந்தக் கையில் என்ன இருக்கிறது? இவள் ரத்தத்தில் இவ்வளவு தேங்கக் கூடாது. உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், இவள் கிட்னி செய்ய வேண்டிய வேலையில் பாதிதான் செய்கிறது."

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தைவிட சந்தேகம்தான் அதிகம் இருந்தது. பேப்பரில் ஒன்று இருக்க இந்த அம்மா வேறொன்று சொல்கிறாரே என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்கேன் எடுத்தபோது சந்தேகம் போய்விட்டது. இடது கிட்னி வளரவே இல்லை. வலது கிட்னியில் தழும்புகள். பிறவியிலேயே சிறுநீர் கீழே இறங்காமல் திரும்ப மேலேறிக் கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் காய்ச்சல். சென்னைக்குக் கூட்டிப் போய் அதற்கு வைத்தியம் செய்தார்கள். காய்ச்சல் வருவது நின்றது. ஆனால் கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை அம்மாவும் மகளும் கப்பலேறி வருவார்கள். என் வீட்டில் தங்குவார்கள். ரத்தம் கொடுப்பது, டாக்டரைப் பார்ப்பது, மறு கப்பலில் திரும்புவது என்று எங்களுக்கு அது பழகிவிட்டது. குழந்தை முதல் இரண்டு தடவை ஊசிக்கு அழுதாள். பிறகு அழவில்லை. ரத்தம் எடுத்து முடித்ததும் அந்தச் சின்னக் குழாயைக் கையில் தரச் சொல்லிக் கேட்பாள். ரத்தம் எடுக்கும் பெண் சிரித்துக்கொண்டே ஒரு நொடி தருவாள்.

"அத்தை, தொட்டுப் பாருங்க, கரம் இருக்கு" என்பாள் என்னிடம், சூடாக இருக்கிறது என்று. எனக்குத் தொட மனம் வராது.

மாலையில் முடிவு வரும். வந்ததும் தம்பி கூப்பிடுவான். அவன் "பாப்பா எப்படி இருக்கா" என்று ஆரம்பிக்க மாட்டான். "எவ்ளோ?" என்பான். என் கணவரும் கப்பல் கரை சேர்ந்து சிக்னல் கிடைத்ததும் "எவ்ளோ வந்துச்சு?" என்றுதான் கேட்பார். என்ன எவ்வளவு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் எங்களுக்கு ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்லியிருந்தார். பிள்ளை வளர்ந்தால் சதை வளரும், சதை வளர்ந்தால் இந்த எண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், உயரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று. நாங்கள் தலையாட்டுவோம். ஆனால் வெளியே வந்தால் எண் மட்டும்தான் மனதில் நிற்கும்.

அவளுக்குப் பதினோரு வயதானபோது கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்று என்று வந்தது. டாக்டர் உயரம் பார்த்துக் கணக்குப் போட்டு, பெரிய மாற்றம் இல்லை, அவள் நன்றாக வளர்ந்திருக்கிறாள் என்றார். ஆட்டோவில் ஏர்போர்ட் ரோடு திரும்பும்போது தம்பி மனைவி, "ஒன்னைத் தாண்டிருச்சு மதினி" என்றாள்.

"உயரமும் கூடியிருக்குல்ல. அதான் டாக்டர் சொன்னாங்களே."

"சொன்னாக. ஆனா தாண்டிருச்சுல்ல."

அந்த ஒன்று என்ற கோட்டை அவளாகவே மனதில் போட்டு வைத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த முறை அவர்களால் வர முடியவில்லை. மழை பலமாக இருந்தது. கப்பல்கள் ரத்தாகிக்கொண்டே இருந்தன. மழை விட்டபோது பள்ளியில் தேர்வு. ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பிறகுதான் வந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கி வந்த பிள்ளையைப் பார்த்ததும், கப்பல் பயணத்தில் வாடியிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். வீட்டில் அவள் கவுனைத் துவைத்துக் காயப் போடும்போது இரண்டு பக்கமும் புதிதாகப் பிடித்துத் தைத்திருந்தது தெரிந்தது. போன வருஷக் கவுன். வளர்கிற பிள்ளையின் துணியைப் பிரித்து விடுவார்கள். பிடித்துத் தைக்க மாட்டார்கள். அன்று மத்தியானம் சூரை மீன் குழம்பு வைத்திருந்தேன். அவளுக்குப் பிடிக்கும் என்றுதான் வாங்கினேன். "பசிக்கல அத்தை" என்று சொல்லி ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் ரத்த முடிவு வந்தது. புள்ளி ஒன்பது.

தம்பி மனைவி தாளை என்னிடமிருந்து வாங்கித் தானே பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டும் இருந்தாள். தம்பிக்கு நான்தான் போன் போட்டேன்.

"புள்ளி ஒம்பதா? நெசமாவாக்கா? இன்னொரு தடவ படி."

இன்னொரு தடவை படித்தேன். அவன் அந்தப் பக்கம் யாரிடமோ சத்தமாகச் சொன்னான். பிறகு, "பாப்பாவுக்கு ஜிலேபி வாங்கிக் குடுக்கா, நெறைய வாங்கிக் குடு" என்றான். பிள்ளை என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றாக மார்க் வாங்கிய பிள்ளையைப் போல அவள் முகம் மலர்ந்திருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அந்தக் கவுனின் தையல் மனதில் ஓரமாக உறுத்தியது. ஆனாலும் எண் இறங்கியிருக்கிறது என்ற பிறகு எதைக் கேட்பது?

மறுநாள் சிரித்த முகத்தோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். அவர் தாளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். எடை பார்க்கச் சொன்னார். உயரம் பார்த்தார். போன முறை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாடாவை எடுத்து அவள் மேல்கையைச் சுற்றி அளந்தார். அவர் சிரிக்கவே இல்லை.

"நேற்று என்ன சாப்பிட்டாய்?"

"சோறு."

"சோற்றோடு?"

"சப் குச்" என்றாள் பிள்ளை. எல்லாம் சாப்பிட்டேன் என்று. "மீன், முட்டை, தால். சப் குச்."

"மீன் என்ன மீன்?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. அடுத்து என்ன சொல்லட்டும் என்று கேட்பது போல இருந்தது. தம்பி மனைவி கொஞ்ச நேரம் தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே, "மைனே பந்த் கர் தியா மேடம்" என்றாள். நான்தான் நிறுத்தினேன் என்று.

மீன் இல்லை, முட்டை இல்லை, பருப்பு இல்லை, பால் இல்லை. கிட்னிக்குப் புரதம் ஆகாது என்று யாரோ போனில் அனுப்பிய வீடியோவில் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்குச் சொன்ன பத்தியத்தையும் கேட்டு வைத்திருக்கிறாள். எண் ஒன்றைத் தாண்டியதிலிருந்து கஞ்சி, ரசம், சுரைக்காய், கொஞ்சம் சோறு. வீட்டுக்குள் மறைத்து எதையும் செய்யவில்லை. தம்பிக்கும் தெரியும். எண் இறங்கட்டும் என்று அவனும் சும்மா இருந்திருக்கிறான்.

டாக்டர் நாடாவைச் சுருட்டி மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

"எண் இறங்கியது கிட்னி தேறியதால் இல்லை. பிள்ளையின் சதை இறங்கிவிட்டது. சதை குறைந்தால் அதிலிருந்து வரும் கழிவும் குறையும். ரத்தத்தில் குறைவாகத்தான் காட்டும்."

தம்பி மனைவி என் பக்கம் திரும்பினாள். "தமிழ்ல சொல்லுங்க மதினி."

அவளுக்கு இந்தி என்னைவிட நன்றாகவே வரும். அவள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வங்காளிகளும் தெலுங்கர்களும்தான். அவர்களோடு நாள் முழுக்க இந்தியில் பேசுபவள். டாக்டர் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "சரி" என்றாள்.

கிரியாட்டினினை மட்டும் வைத்து இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சிஸ்டாடின் சி என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது. உடம்பின் எல்லாப் பகுதியிலிருந்தும் வருகிற சின்னப் புரதம் அது. பிள்ளை மெலிந்தாலும் பருத்தாலும் அதன் அளவு அவ்வளவாக மாறாது, ஆகவே கிட்னியின் நிலைமை அதில் தெரியும் என்றார். ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா, தைராய்டு தொல்லை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டார். இரண்டும் இல்லை. அந்தப் பரிசோதனை அப்போது தீவில் கிடையாது. டவுனில் இருந்த லேபில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, விமானத்தில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை அவர்கள் என் வீட்டிலேயே இருந்தார்கள். தம்பி மனைவி என் வீட்டு ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றி, ஓரம் பிரிந்திருந்ததைக் கையால் தைத்துக் கொடுத்தாள். ஒரு சாயங்காலம் நான் பிள்ளையை மட்டும் சாத்தம் படகுத்துறைக்குக் கூட்டிப் போய், எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கு வண்டிகளையும் ஏற்றிப் போகும் படகில் ஏற்றினேன். அந்தக் கரையில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. போய்விட்டு அதே படகில் திரும்புவது அவளுக்குப் பிடிக்கும். மேலே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தோம்.

"அத்தை, நான் ஒன்னு சொல்லவா? அம்மாகிட்ட மத் போல்னா, சொல்லக் கூடாது."

"சொல்லு."

"ஸ்கூல்ல முட்டை குடுப்பாங்க. நான் என் ஃப்ரெண்டுக்குக் குடுத்துருவேன். ஒரு தடவ மட்டும் நானே சாப்ட்டுட்டேன். ரொம்பப் பசிச்சுச்சு. அப்புறம் நம்பர் ஏறிரும்னு பயமா இருந்துச்சு. அம்மா கஷ்டப்பட்டுப் பண்றாங்கல்ல, என்னால ஏறிருச்சுன்னா?"

படகு நடுவில் வந்திருந்தது. ஒரு லாரிக்காரர் கீழே எஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்ததால் டீசல் வாடை அடித்தது. "முட்டை சாப்பிட்டா ஏறாதும்மா" என்றேன். "ஏறினாலும் அது உன் தப்பு இல்ல. பசிச்சா சாப்பிடணும்."

"அச்சா" என்றாள். நம்பியதாகத் தெரியவில்லை. அவள் சொன்னதை நான் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து முடிவு வந்தது. டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் தாளின்படி கிட்னி முன்பைவிட நன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது தாளின்படி முன்பைவிடக் குறைந்திருந்தது. இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும் என்றார்.

தம்பி மனைவி கேட்டாள்: "என்னாலதானா மேடம்?"

"இல்லை" என்றார் டாக்டர் உடனே. "சாப்பாடு குறைந்ததால் கிட்னி கெடவில்லை. அது தன் போக்கில் போயிருக்கிறது. நீங்கள் எதைக் கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய இங்கேதான் வந்திருக்கும்." தாள்களைக் கோப்பில் வைத்தார். "ஆனால் இவள் வளர வேண்டிய மாதங்கள் போய்விட்டன. இந்த வயதில் வளராவிட்டால் பிறகு வளர முடியாது. வயதுக்கு ஏற்ற புரதம் கொடுங்கள், அதைக் குறைக்க வேண்டாம். உப்பைக் குறையுங்கள். எண் ஏறும். ஏறினால் என்னிடம் வாருங்கள், சமையலறைக்குப் போகாதீர்கள்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து வெளியே வரும்போது தம்பி மனைவியின் தோளில் கை வைத்துக் கதவு வரை வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். முட்டையை வேகவைத்தாள். ஆறியதும் ஓட்டை உரித்தாள். கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நீங்க குடுத்துருங்க மதினி."

"நீயே குடும்மா."

"எனக்குக் கை வரல."

பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே உள்ளே வந்து அம்மா கையிலிருந்த கிண்ணத்திலிருந்து முட்டையை எடுத்துக் கடித்தாள். தம்பி மனைவி குழாயைத் திறந்து, கழுவியிருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். முதுகைத் திருப்பியபடியே, "உப்பு வேணுமாடி?" என்றாள்.

"உப்புதான் குறைக்கச் சொன்னாங்க" என்றாள் மகள், வாயில் முட்டையோடு.

தம்பி மனைவி திரும்பினாள். மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. நிற்காமல் அழுகையாகிவிட்டது. பிள்ளை மிச்ச முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

கப்பலேற்றிவிடப் போன அன்று, வரிசையில் நிற்கும்போது தம்பி மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஒன்னைத் தாண்டிப் போச்சுன்னா நான் எப்படி மதினி தாங்குறது?"

"தாண்டட்டும். போன் பண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்" என்றேன். அவள் அதற்குத் தலையாட்டினாள்.

தாண்டத்தான் செய்தது. பிள்ளை சாப்பிட்டாள், தேறினாள், பன்னிரண்டு வயதுக்கு மேல் விறுவிறுவென்று வளர்ந்தாள். பெரிய மனுஷியானாள். ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் சிறிது ஏறியே வந்தது. ஒன்று புள்ளி இரண்டு, அப்புறம் ஒன்று புள்ளி நான்கு. ஒவ்வொரு முறையும் தம்பி மனைவியின் முகம் வெளுக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அந்த இன்னொரு பரிசோதனையும் சென்னைக்குப் போகும். அது ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. பிள்ளை வளர்கிறாள், அதனால்தான் இது ஏறுகிறது என்று டாக்டர் சொல்லச் சொல்ல, தம்பி மனைவி கேட்கிற கேள்வி மாறியது. ரத்த முடிவு வந்ததும் அவளாகவே என்னிடம், "ஒசரம் பாத்தாகளா மதினி?" என்பாள். பதினாலு வயதில் மகள் அம்மாவைத் தாண்டிவிட்டாள். பள்ளியில் த்ரோபால் அணியில் சேர்ந்தாள். தம்பி மின்கம்பத்திலிருந்து இறங்கி யூனிஃபார்மோடேயே மைதானத்துக்குப் போய் நிற்பானாம். எதிரணி ஆசிரியரோடு ஒருமுறை சண்டைக்கே போயிருக்கிறான். அந்த இரண்டு மூன்று வருஷங்கள் எங்களுக்கு நன்றாக இருந்தன. அப்போதுதான் தம்பிக்கு ஒரு மகனும் பிறந்தான். என் வீட்டுக்கு வந்தால் இருப்பதை எல்லாம் தின்று தீர்ப்பாள். என் கணவர் கப்பலிலிருந்து வரும்போது அவளுக்கென்றே தனியாக மீன் வாங்கி வருவார்.

பத்தாவது முடித்ததும் அவள் போர்ட் பிளேர் பள்ளியில் சேர்ந்து என் வீட்டில் தங்கிப் படிக்க ஆரம்பித்தாள். அந்த வருஷம் வங்காளி டாக்டர் மாற்றலாகி மெயின்லேண்ட் போய்விட்டார். போவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு, அவளுடைய எல்லா முடிவுகளையும் அவளிடமே கொடுத்து, இனி இதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறு வயதில் அவளுக்குக் களைப்பு வந்தது. மாடிப்படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ரத்தக் கொதிப்பு கூடியிருந்தது. புதிதாக வந்த டாக்டர் இளைஞர். இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்தே எடுத்தார். அன்றைக்கு டாக்டர் அறையில் நான் அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவர் எங்கள் இருவரில் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்து ஆரம்பித்தார். அவள் இடைமறித்தாள்.

"சார், ரெண்டுமே ஏறியிருக்கா?" இந்தியில்தான் கேட்டாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "ஆமாம்" என்றார். "இரண்டுமே."

"உயரம் போன வருஷத்திலிருந்து ஏறவில்லை" என்றாள் அவள். "எடையும் அதேதான். அப்படியென்றால் இது கிட்னிதான்."

"ஆமாம்."

அவள் சரியென்று தலையசைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் விற்பவரிடம் பழக்கத்தில் நான் இளநீர் கேட்டுவிட்டேன். "எனக்கு வேணாம் அத்தை, இனிமே அதுலயும் பொட்டாசியம் பாக்கணும்" என்றாள். நான் வாங்கியதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

ஹட் பேக்கு அவளேதான் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். எண்களைச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இன்னும் அவசரம் இல்லை, ஆனால் மாற்றுக் கிட்னியைப் பற்றி இப்போதே யோசிக்கத் தொடங்க வேண்டும் என்கிறார் என்றாள். அந்தப் பக்கத்தில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றது.

"நான் வர்றேன்" என்றாள் அவள் அம்மா. "எனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லு."

"அம்மா, இப்பவே வேணாம். சார் டைம் இருக்குன்னு சொல்றார்."

"டைம் இருக்கும்போதே எடுத்துக்கிருவோம்."

அடுத்த கப்பலிலேயே வந்துவிட்டாள். ரத்த வகை ஒத்துப்போனது. மகளும் அம்மாவும் என் வீட்டுக் கூடத்தில் இதற்காகச் சண்டை போட்டார்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் அப்பாவையும் தம்பிப் பாப்பாவையும் யார் பார்ப்பது என்று மகள் கத்தினாள். ஹட் பேயில் இருந்த சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. அம்மா கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே, "அதை எல்லாம் டாக்டர் சொல்லட்டும். எனக்கு முடியாதுன்னு அவுக சொன்னா நான் விட்டுர்றேன். நீ சொல்லக் கூடாது" என்றாள். மகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த நாள் இருவரும் பேசிக்கொண்டார்கள். சமாதானம் எப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் அலுவலகத்தில் இருந்தேன்.

இப்போது அவளுக்குப் பதினேழு. பன்னிரண்டாவது தேர்வு எழுதிவிட்டாள். போன வாரம் அம்மாவும் மகளும் சென்னைக்குப் புறப்பட்டார்கள். அம்மாவின் கிட்னி பொருந்துமா, கொடுக்கும் அளவுக்கு அவள் உடம்பு ஒத்துழைக்குமா என்று அங்கே பார்க்கப் போகிறார்கள். தம்பி சின்னவனோடு ஹட் பேயில் இருக்கிறான். காற்றில் மரம் விழுந்து கம்பிகள் அறுந்து கிடக்கின்றன, அவனால் நகர முடியாது. எனக்கு விடுப்பு அடுத்த மாதம்தான். ஏர்போர்ட்டுக்கு நான் போனேன். தம்பி மனைவி விமானத்தில் ஏறுவது அதுதான் இரண்டாவது தடவை. பெல்ட் எப்படிப் போடுவது என்று மகளிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். இருவரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகும்வரை பார்த்துவிட்டு நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அன்று மத்தியானம் மகள் சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.

"வந்து சேர்ந்துட்டோம் அத்தை. செம வெயில். அம்மாவுக்குக் காது அடைச்சுக்கிச்சாம், நான் பேசுறது ஒன்னும் கேக்கலையாம். கத்திக் கத்திப் பேசிட்டு இருக்கேன், எல்லாரும் எங்களையே பாக்குறாங்க."

பின்னால் தம்பி மனைவி உரக்க, "மதினியா? நல்லா வந்துட்டோம்னு சொல்லு" என்று சொல்வது கேட்டது.